கிசா அம்மாவின் இடது கால்

எங்கள் சுவேலே சந்தையில் யாருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்வது ஒரு காலத்தில் பெரிய காரியமே இல்லை. சுகாதார நிலையத்தின் கேட்டுக்கு நேர் எதிரே என் டீக்கடை. உள்ளே போகிறவர்கள் போகும்போது ஒரு டீ குடிப்பார்கள், திரும்பும்போது ஒரு டீ குடிப்பார்கள். போகிற டீயில் பாதி நோய் வெளியே வந்துவிடும், வருகிற டீயில் மீதி. நான் யாரையும் எதுவும் கேட்டதில்லை. எண்ணெயில் மாண்டாசிப் பலகாரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சும்மா நின்றால் போதும். அவர்களே சொல்லிவிடுவார்கள்.

அப்புறம் போனில் டாக்டர் வந்தார். ஒரு நம்பருக்கு அடித்தால் எல்டோரெட் நகரத்தில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் பேசுவார், முகம் பார்ப்பார், புண்ணைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார் என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கண்ணாடித் துண்டிடம் வியாதியைச் சொல்கிற காலம் வந்தால் தெருவில் இருக்கிறவர்கள் எப்படிப் பிழைப்பது? நான் டீ வியாபாரத்தைச் சொல்லவில்லை.

ஆனால் கடவுள் என்னைக் கைவிடவில்லை. நர்ஸ்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சுகாதார நிலையத்தின் கேட்டில் பூட்டு தொங்கியது, பூட்டுக்கு மேலே அந்தப் போன் நம்பரை எழுதி ஒட்டியிருந்தார்கள். சந்தையில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது பொத்தான் போன். படம் எடுக்கிற போன், நைரோபியில் இருந்து என் மகன் கிசா அனுப்பியது, என்னிடம் இருந்தது. கேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பினால் என் கடைதான். பிறகென்ன, நான்தான் அடிப்பேன், நான்தான் பிடித்துக்கொள்வேன், ஸ்பீக்கரில் போடுவேன். என் காது கொஞ்சம் மந்தம் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நேரில் போனால் டாக்டர்கள் காகிதத்தைப் பார்த்தபடிதான் பேசுவார்கள். நாம் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவான். போனில் அப்படியில்லை. கேட்கிறார்கள். புரியவில்லை என்றால் அந்தக் குரலைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கலாம். டாக்டருக்கு முன்னால் வாயே திறக்காத மனிதர்களெல்லாம் என் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த போனிடம் கதை கதையாகச் சொன்னார்கள். இத்தனை காலம் அவர்கள் ஊமையாக இருந்தது கூச்சத்தால் அல்ல, யாரும் கேட்காததால் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

அந்தச் சமயத்தில்தான் நபுவிலே நொண்டினாள்.

நபுவிலே எனக்கு இரண்டு கடை தள்ளித் தக்காளி விற்கிறாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாய் மகள் நெலிமாவைப் படிக்கவைத்தவள். நெலிமாவைக் கட்டியவர் எல்டோரெட் ஆஸ்பத்திரி டாக்டர் லுஸ்வெட்டி. பெண்ணுக்குப் பரிசமாக அவர் வீட்டார் ஓட்டிவந்த மாடுகள் ஒவ்வொன்றின் நிறமும் எனக்கு இன்றைக்கும் தெரியும். அன்றிலிருந்து நபுவிலேவின் தக்காளி வாங்குகிறவர்களுக்கு மாப்பிள்ளை டாக்டர் என்ற செய்தி இலவசம்.

ஆனால் அந்த மாப்பிள்ளையோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்களில் மாமியாரும் மருமகனும் அப்படித்தான். எதிரெதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் கரும்புக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கை குலுக்குவதில்லை, ஒரே அறையில் சாப்பிடுவதில்லை, கண்ணுக்குக் கண் பார்ப்பதில்லை. மருமகன் கண்ணில் மாமியாரின் முழங்கால் தற்செயலாகப் பட்டுவிட்டால்கூட ஆடு வெட்டிப் பெரியவர்கள் உட்கார்ந்து அந்தக் கண்ணைக் கழுவிவிட வேண்டும். வெறுப்பு இல்லை, மரியாதை. மரியாதை கூடக் கூட தூரமும் கூடும். அவள் புருஷன் குலத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள் எல்லோருமே அவருக்கு மாமியார்தான்; என் புருஷன் வேறு குலம், அதனால் எனக்கு அவர் வெறும் டாக்டர், மாமியார் கணக்கு இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேள்வி கேட்க வேண்டாம்.

"என்னடி நொண்டுற?" என்று கேட்டேன்.

"செருப்பு கடிச்சிருச்சு."

"இப்படிக் கடிக்க அது செருப்பா நாயா? காட்டு."

"போய் உன் மாண்டாசியப் பாரு. கருகுது."

கருகவில்லை. அவளைப் பின்பக்கம் இழுத்துப்போய் உட்காரவைத்துச் சாக்ஸைக் கழற்றினேன். கழற்றினேன் என்று சொல்லக்கூடாது, உரித்தேன். இடது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு குழி. கணுக்கால் வரை வீக்கம். வாசனையைப் பற்றி எழுதவில்லை, சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இருப்பார்கள்.

"இத வச்சிக்கிட்டா தக்காளி வித்த?"

"வலிக்கவே இல்லடி. வலிச்சிருந்தா நானே பாத்திருப்பேனே."

அப்போதுதான் அவள் அந்த விஷயத்தைச் சொன்னாள். அவளுக்குச் சர்க்கரை நோய், பல வருடமாக. தெரிந்த முகம் யாரும் இல்லாத புங்கோமா டவுனுக்குப் போய் மாத்திரை வாங்கிவருகிறாள். நெலிமாவுக்கு மட்டும் தெரியும். இரண்டு கடை தள்ளி இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் ஒரு நோயை வளர்த்திருக்கிறாள். காலைவிட எனக்கு அதுதான் முதலில் உறைத்தது.

"எங்கிட்டக்கூட சொல்லலயே நீ."

"உங்கிட்ட சொல்றதும் சந்தையில மைக் வச்சி சொல்றதும் ஒண்ணுதானே. சர்க்கரைக்காரின்னு தெரிஞ்சா அவளுங்க பாவம் பாப்பாளுங்க. அப்புறம் பாதி விலைக்குக் கேப்பாளுங்க. கிசா மேல சத்தியம் பண்ணு, வெளிய விடமாட்டேன்னு."

பெற்ற பிள்ளைமேல் சத்தியம் பண்ணவைத்துவிட்டாள். பண்ணினேன்.

போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து நம்பரை அடித்தேன். முகம் பார்த்துப் பேசுகிற மாதிரி. அவள் இடுப்பில் கட்டியிருந்த லெசோத் துணியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு முக்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது, திரை வெளிச்சமானது, வட்டக் கண்ணாடி போட்ட ஒரு முகம் தெரிந்தது.

"வணக்கம், டாக்டர் லுஸ்வெட்டி பேசுறேன். யாருக்கு உடம்புக்கு..."

எல்டோரெட்டில் எத்தனையோ டாக்டர்கள் இருக்க, அந்த நம்பரில் புண் பார்க்கிறவர் இவர்தான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? நபுவிலே எழுந்த வேகத்தில் முக்காலி கவிழ்ந்தது. தோளில் கிடந்த பூப்போட்ட இன்னொரு லெசோவை உருவிப் போனின்மேல் போர்த்தினாள். தன்னை மூடவில்லை, போனை மூடினாள். அப்புறம் ஓடினாள். அரை நாளாக நொண்டியவள், என் மாவுத் தட்டைத் தாண்டிக் கடைக்குப் பின்னால் இருந்த கரும்புக்குள் போய் நின்றுகொண்டாள். மருமகன் நேரில் வந்தால் எப்படி ஒதுங்குவாளோ அப்படியே.

லெசோவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஹலோ? ஒண்ணும் தெரியலையே. பூவாத் தெரியுது."

"கோழி தம்பி," என்றேன். "கோழி ஒண்ணு துணியத் தள்ளிவிட்டுருச்சு. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

"கிசா அம்மாதானே? மெதுவா கூப்பிடுங்க. நான் இருக்கேன்."

என் ரத்தக் கொதிப்புக்காக நான் ஏற்கெனவே அந்த நம்பரில் பேசியிருந்தேன். அதனால் வேறு பெயர் சொல்லாவிட்டால் அங்கே என் நம்பருக்கு என் பெயர்தான் விழும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாங்கள் வைக்கவில்லை.

கரும்புக்குள் பேச்சுவார்த்தை நடந்தது.

"பாத்துட்டாரா?"

"பூவைத்தான் பாத்தாரு. வாடி, கால் முக்கியமா இல்லையா?"

"முழங்கால் வரைக்கும் தூக்கி வச்சிருந்தேன்டி. அந்த மனுசன் முன்னாடி. நான் செத்தாக்கூட என் பொணத்த அவரு பாக்கக்கூடாது, அது தெரியுமா உனக்கு?"

"செத்தா பாக்கமாட்டாரு. உயிரோட இருக்கறதுக்கு வழி சொல்லு."

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். கால் மட்டும் படம். முகம் வரக்கூடாது, துணிகூட வரக்கூடாது, அந்த லெசோ நெலிமா வாங்கிக்கொடுத்தது. யாருடைய கால் என்று சொல்லக்கூடாது. சர்க்கரை என்று வாயே திறக்கக்கூடாது. ஏனென்றால் அம்மாவுக்குச் சர்க்கரை என்று நெலிமா அவரிடம் சொல்லியிருக்கலாம், சுவேலேயில் இருந்து ஒரு வயசான பெண்ணின் கால், சர்க்கரை வேறு என்றால் ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிவிடுவார்.

நான் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் குரலாகப் பதில் வந்தது, வழக்கம்போல ஸ்பீக்கரில்.

"கிசா அம்மா, உங்க இடது கால் படம் பாத்தேன். என்னம்மா இவ்வளவு நாள் விட்டுட்டீங்க? உங்களுக்கு ரத்தக் கொதிப்பு மட்டும்தான், சர்க்கரை இல்லன்னு இங்க இருக்கு. சரிதானே?"

நபுவிலே என்னைப் பார்த்தாள். நான் குரல் அனுப்புகிற பொத்தானை அழுத்தினேன். "எனக்கு சர்க்கரை இல்ல தம்பி."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எனக்கு இல்லைதான்.

"ரொம்ப நல்லது. அப்ப பயப்பட வேணாம். கொதிக்கவச்சு ஆறின தண்ணியில கழுவுங்க, சுத்தமான துணியால கட்டுங்க, கால ஊனாதீங்க. ஒரு மாத்திரை எழுதி அனுப்புறேன், மருந்துக் கடையில போனைக் காட்டினா குடுப்பாங்க. தினமும் ஒரு படம் அனுப்பணும். வலி எப்படி இருக்கு?"

நபுவிலே இல்லை என்று தலையாட்டினாள்.

"வலியே இல்ல தம்பி."

"வலியே இல்லையா?" கொஞ்சம் யோசிக்கிற சத்தம் கேட்டது. "ரொம்ப தைரியசாலிதான் நீங்க."

அன்றிலிருந்து தினமும் நான் அவள் காலைக் கழுவிக் கட்டினேன். தினமும் படம் அனுப்பினேன். தினமும் அவர் பதில் சொன்னார். அந்தப் பதில்கள் ஸ்பீக்கரில் சந்தை முழுக்கக் கேட்டன. 'கிசா அம்மா, உங்க இடது கால்', 'கிசா அம்மா, அந்தக் கால ஊனாதீங்க.' விளைவு என்ன? எனக்குக் கால் அழுகுகிறது என்று சுவேலே முழுக்கப் பேச்சு. வெங்காயக்காரி நசம்பு ஒரு வாழைத்தாரோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல."

"எந்தக் கால்?"

"இடது."

"நல்லா நிக்கிறீங்களே அதுல."

அதன்பிறகு நான் நொண்ட ஆரம்பித்தேன். வேறு வழியில்லை. ஊரில் உள்ள எல்லோர் வீட்டு விஷயத்தையும் பேசியே பிழைத்தவள், கடைசியில் நானே விஷயமாகிவிட்டேன். வாழைப்பழமும் முட்டையும் வந்துகொண்டே இருந்தன, சாப்பிட்டோம். நபுவிலேவுக்கு வாழைப்பழம் கொடுக்கவில்லை, சர்க்கரை. அது மட்டும் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஒரு ரகசியத்தைக் காத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. யாரும் நம்பமாட்டார்கள் என்பது மட்டும்தான் குறை. நெலிமாவே ஒருநாள் போன் செய்து, "அம்மா ஏன் என்கிட்ட சரியா பேசமாட்டேங்கிறாங்க, கடையில இருக்காங்களா, சாப்பிடறாங்களா?" என்று கேட்டாள். "அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா" என்றேன். அந்தக் கல் அப்போது என் கடையின் பின்பக்கம் கோணிமேல் காலை நீட்டிப் படுத்திருந்தது.

ஆனால் கால் கேட்கவில்லை. கட்டுத் துணியைப் பிரிக்கிற ஒவ்வொரு தடவையும் வாசனை கூடியது. ஒருநாள் காலையில் பிரித்தபோது கட்டைவிரலின் ஓரம் கறுத்திருந்தது, நம் தோலின் கறுப்பு இல்லை, அடுப்பில் எரிந்த கட்டையின் கறுப்பு. வீக்கம் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. நபுவிலேவுக்கு உடம்பு கொதித்தது, நடுங்கினாள். படம் அனுப்பினேன். இந்தத் தடவை பதில் உடனே வந்தது, அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"கிசா அம்மா, இது எனக்குப் பிடிக்கல. நான் குடுத்த மருந்துக்கு இது ஆறியிருக்கணும். சர்க்கரை இல்லாத கால் இப்படிப் போகாது. கடைசியா எப்ப ரத்தம் சோதிச்சுப் பாத்தீங்க? உண்மையச் சொல்லுங்கம்மா. இந்தக் காலுக்கு இனிமே நாள் கணக்கு இல்ல, மணிக் கணக்குதான். தப்பா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் தப்பான முடிவு எடுப்பேன், உங்க கால் போயிரும். காலோட நின்னாலும் பரவாயில்ல, உயிரே போயிரும்."

நபுவிலே என் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் அவள் கை மாண்டாசிச் சட்டி மாதிரி சுட்டது.

"சொல்லாதடி. கிசா மேல சத்தியம்."

நான் அவளைப் பார்த்தேன். என் மகன் நைரோபியில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பான், அவனுக்கு ஒன்றும் ஆகாது. இவள் என் முன்னால் கருகிக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் யார் யாருடைய கதையையோ அனாவசியமாகச் சொல்லித் திரிந்த வாய், சொல்ல வேண்டிய ஒரே நேரத்தில் மூடிக்கிடந்தால் அந்த வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு கையால் அவள் கையை விலக்கினேன், இன்னொரு கையால் பொத்தானை அழுத்தினேன்.

"தம்பி, அந்தக் கால் என்னோடது இல்ல. என் ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. கால்காரிக்குச் சர்க்கரை இருக்கு, ரொம்ப வருசமா. மாத்திரையும் இப்ப கொஞ்ச நாளா ஒழுங்கா போடல. காய்ச்சல் அடிக்குது. பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன்."

அனுப்பிவிட்டேன். நபுவிலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நீ மனுசியாடி?" என்றாள் சுவரிடம்.

போனில் பதில் இன்னும் வரவில்லை. எண்ணெய் காய்ந்து புகைந்தது, அடுப்பை அணைத்தேன். டீ கேட்டு வந்த ஒருவனை விரட்டினேன். எல்டோரெட்டில் ஒரு மனிதன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கூட்டிக்கொண்டிருக்கிறார்.

பிறகு குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசினார்.

"கிசா அம்மா. அந்த நோயாளி யாருன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். அவங்க இப்பவே, இந்த நிமிசமே கிளம்பி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க வேலைநிறுத்தம் இல்ல. டாக்டர் செலினான்னு ஒரு அம்மா இருப்பாங்க, என்னோட படிச்சவங்க. நான் எல்லாம் சொல்லிட்டேன், படமெல்லாம் அனுப்பிட்டேன், வாசல்ல ஸ்ட்ரெச்சரோட நிப்பாங்க. இங்க எங்க ஆஸ்பத்திரிக்கு வர வேணாம். இன்னொன்னும் சொல்லிருங்க. நான் அந்த மிஷன் ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன். அவங்க வீடு திரும்புற வரைக்கும் வரமாட்டேன். பயப்படாம போகச் சொல்லுங்க."

சுவரைப் பார்த்திருந்தவள் திரும்பினாள்.

"அவருக்குத் தெரிஞ்சிருச்சு."

"தெரியாதுன்னுதானே சொல்றாரு."

"தெரியாத மனுசன் எதுக்குடி வரமாட்டேன்னு சொல்றாரு?"

நல்ல கேள்வி. காய்ச்சலிலும் மூளை வேலை செய்கிறது.

"பாத்துட்டாருடி. இத்தனை நாளா தினம் ஒரு தடவை என் கால, இந்தக் கேவலத்த. இனி நான் எந்த முகத்தோட நெலிமா வீட்டு வாசல் மிதிக்கிறது?"

அவள் அழுததைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்தது.

"எந்தக் கால?" என்று கேட்டேன். "அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல என்ன இருக்கு? கிசா அம்மா இடது கால். படத்துக்கு மேல என் பேரு. மருந்துச் சீட்டுல என் பேரு. சந்தையில நசம்புவக் கேளு, யாருக்குக் கால்ல புண்ணுன்னு. நான் நொண்டினத ஊரே பாத்திருக்கு. அவரு பாத்ததெல்லாம் என் கால்டி. உன் கால அவரு பாக்கவே இல்ல. ஆடு வெட்டணும்னா என் வீட்டுல வெட்டட்டும், கறியாவது மிஞ்சும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு."

"சரி, வண்டிய கூப்பிடு," என்றாள்.

வாடகை பைக்கில் முன்னால் ஓட்டுகிறவன், நடுவில் நபுவிலே, அவள் விழாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நான். அவள் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வழியில் பார்த்தவர்கள் எல்லோரும் கையை உயர்த்தி என்னைத்தான் விசாரித்தார்கள்: "கிசா அம்மா, கால் எப்படி இருக்கு?" நான், "இதோ, கூட்டிட்டுப் போறேன்" என்று பதில் சொன்னேன். பைக் ஓட்டியவன் சிரித்துச் சிரித்து ஒரு பள்ளத்தில் விட்டான்.

வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றது. டாக்டர் செலினா குள்ளமான ஆள், பேச்சு மட்டும் உயரம். "இடது கால் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே இழுத்துப்போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். என் போன் ஓயவில்லை. எல்டோரெட்டில் இருந்து ஒவ்வொரு கேள்வியாக வந்தது. கடைசியாக என்ன சாப்பிட்டார்கள், எந்த மாத்திரை, என்ன நிறம், எப்போதிலிருந்து காய்ச்சல். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். பிறர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று எட்டிப்பார்த்துக்கொண்டே வாழ்ந்தது அன்று ஒரு மனுசிக்கு உபயோகமாயிற்று. ஒரு தடவைகூட அவர் 'அத்தை' என்று சொல்லவில்லை, 'நோயாளி' என்றுதான் சொன்னார். ஒரே ஒரு தடவை மட்டும், "அவங்க பயப்படறாங்களா?" என்று கேட்டார். கேட்ட குரலைக் கேட்டால் பயப்படுவது யார் என்று தெரிந்திருக்கும்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் செலினா வெளியே வந்தார். கட்டைவிரல் போய்விட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது, கால் இருக்கிறது, உயிர் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் கழித்து வந்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்பேன், அதுவும் பிழைத்திருந்தால் என்றார். நான் அவர் கையைப் பிடித்து என்னென்னவோ சொன்னேன். அந்த அம்மா, "எனக்குச் சொல்லாதீங்க, படத்தப் பாத்து பாத்து அனுப்பினவருக்குச் சொல்லுங்க" என்றார்.

நெலிமா வந்து அம்மாவைத் திட்டித் தீர்த்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, என்னையும் கொஞ்சம் திட்டினாள். மருமகன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நபுவிலே அங்கே இருந்த அத்தனை நாளும் அந்தப் பக்கம் வரவே இல்லை. நெலிமாவைக் கொண்டுவந்து விட்டபோதுகூட வண்டியை ரோட்டு முனையிலேயே நிறுத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நெலிமாதான் சொன்னாள்.

என் ஃபைல் விஷயம் ஒன்று பாக்கியிருந்தது. நாளை எனக்கே ஏதாவது வந்தால் இல்லாத சர்க்கரைக்கும் இல்லாத விரலுக்கும் மருந்து தந்துவிடப்போகிறார்கள் என்று பயந்தேன். டாக்டர் லுஸ்வெட்டியிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். அதைப் பிரித்துத் தனியாகவே வைத்துவிட்டாராம், ஒன்று கிசா அம்மா, இன்னொன்று கிசா அம்மா இடது கால். சர்க்கரை, மாத்திரை எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது, பெயர் மட்டும் அப்படியே. இப்போது நான் போன் செய்தால், "முழு ஆளா, இடது காலா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

நபுவிலே வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறியதும் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுவிட்டாள். கட்டிலில் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருந்தாள். தலைக்குத் துணி கட்டி, நல்ல லெசோ போட்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"அந்தப் போனக் குடு. குரல் மட்டும் போற மாதிரி வை. முகம் போகாதுல்ல?"

"போகாது."

"நிச்சயமா போகாதுல்ல?"

"இல்லடி. பேசு."

தொண்டையைச் செருமிக்கொண்டாள். ஒரு தடவை ஆரம்பித்து நிறுத்தினாள். அப்புறம் சொன்னாள்:

"மாப்பிள்ளை, நான் நெலிமாவோட அம்மா பேசுறேன். நீங்க நல்லா இருக்கீங்களா? எங்க ஊர்ல கிசா அம்மான்னு ஒருத்தி இருக்கா, வாயாடி. அவளோட கால நீங்க காப்பாத்திக் குடுத்தீங்களாம். அவளுக்கு நன்றி சொல்லத் தெரியாது, அதனால அவளுக்குப் பதிலா நான் சொல்றேன். அந்தக் கால் இல்லன்னா அவ சந்தைக்குப் போக முடியாது, பிள்ளையப் பாக்க முடியாது, பேரப்பிள்ளையத் தூக்கிட்டு நிக்க முடியாது. நீங்க அவ யாருன்னுகூடக் கேக்கல. உங்கம்மா உங்கள நல்லா வளத்திருக்காங்க. கடவுள் உங்களுக்கு நிறைய குடுக்கட்டும். நெலிமா ரொம்ப மெலிஞ்சிருக்கா, அவளுக்குக் கொஞ்சம் பால் வாங்கிக் குடுங்க. அவ்வளவுதான்."

நான் வாயாடி என்கிற இடத்தில் அழித்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அழிக்கவில்லை.

பதில் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தை," என்று ஆரம்பித்தார்.

நபுவிலே எழுந்தாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட காலை மெதுவாகத் தரையில் வைத்து, இரண்டு காலிலும் நின்றாள். முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உக்காருடி," என்றேன். "ஊனக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"மாப்பிள்ளை பேசும்போது எப்படி உக்கார்றது?" என்றாள். "நீ அவரப் பேச விடு."